எம்புட்டு வலிக்குது? – ஒரு கேள்வியின் வரலாறு

கொடைக்கானலில் மூன்று நாளாக மழை விடவில்லை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே கிடந்ததில், ரொம்ப நாளாக எழுத நினைத்த ஒன்றை எழுதி முடித்துவிட்டேன். பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளைகுட்டி உள்ளவர்கள் பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் மகனுக்கு ஐந்து வயது. திண்ணையிலிருந்து விழுந்து கை எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா ஓர் அட்டையைக் காட்டி, "தம்பி, இதுல உனக்கு எது?" என்று கேட்டிருக்கிறார். அட்டையில் வரிசையாக ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கிறது, கடைசி முகம் அழுகிறது. பயல் முனகிக்கொண்டே சிரிக்கிற முகத்தைத் தொட்டானாம்.

"வலியே இல்லைன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க டீச்சர். ஆனா ராத்திரி பூரா தூங்கல. அட்டை பொய் சொல்லுதா, எம் மகன் பொய் சொல்றானா?" என்று கேட்டாள்.

இரண்டும் பொய் சொல்லவில்லை. கேட்டது ஒன்று, பிள்ளை புரிந்துகொண்டது ஒன்று. ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஆறு படத்தைக் காட்டி "உனக்கு எது?" என்றால் தனக்குப் பிடித்த படத்தைத்தான் தொடுவான். நான் அவளுக்கு வேறொரு வழி சொன்னேன். நாலு புளியங்கொட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்துக் கேட்கச் சொன்னேன். பையன் யோசித்து மூன்றை எடுத்துக்கொண்டானாம். அந்தக் கணக்கோடு டாக்டரிடம் மறுபடி பேசினாள், மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள், அன்று தூங்கினான். புளியங்கொட்டை என் கண்டுபிடிப்பு அல்ல. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அதற்கு முன் ஒரு பழைய பாக்கியைச் சொல்லிவிடுகிறேன். போன் செய்தவளிடம் கேட்டுக்கொண்டுதான், பெயர் போடாமல் எழுதுகிறேன்.

1994. கீழ்மலையில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளி. அவள் நாலாம் வகுப்பு. அரைப்பரீட்சையில் கணக்குப் பரீட்சை நாள். காலையில் வந்ததும், "வயித்த வலிக்குது டீச்சர்" என்றாள். கணக்கு என்றாலே அவளுக்கு வயிற்றுவலி வரும் என்று வகுப்பில் நானே கிண்டல் செய்திருக்கிறேன். "எழுதிட்டுப் போ, சரியாப் போயிரும்" என்றேன். எழுதினாள். மத்தியானம் சத்துணவைத் தொடவில்லை. அதையும் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் மணி அடித்தபோது வலது பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நடந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காப்பி மூட்டை ஏற்ற வந்த ஜீப்பில் வத்தலக்குண்டு, அங்கிருந்து மதுரை பெரியாஸ்பத்திரி. குடல்வால் வெடித்திருந்தது. பிழைத்துவிட்டாள். மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தவள், "நான் காலையிலேயே சொன்னேன்ல டீச்சர்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

குடல்வால் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் ஆரம்பிக்கும். சில மணி நேரத்தில் வலது பக்கம் இறங்கும். காலையிலும் மத்தியானமும் "எங்க வலிக்குது? காலைக்கு இப்ப கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?" என்று நான் கேட்டிருந்தால் அரை நாள் முன்னதாகவே ஜீப் ஏறியிருப்போம். ஆசிரியர் பயிற்சியில் பாடத்திட்டம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள், கரும்பலகையில் நேராக எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். இதை யாரும் சொல்லித்தரவில்லை. அதற்குப் பிறகுதான் கிடைத்த புத்தகத்தையெல்லாம் தேடிப் படித்தேன்.

அளக்கிற மலை

நம் கொடைக்கானலுக்கு அளவு புதிதல்ல. இங்குள்ள வானாய்வகத்தில் 1901 முதல் சூரியனைப் பார்த்துக் குறித்து வருகிறார்கள். 1909-ல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை இங்கேயிருந்துதான் கண்டுபிடித்தார். பதினைந்து கோடி கிலோமீட்டர் தூரத்தில் நடப்பதை இந்த மலையிலிருந்து அளந்தார்கள்.

பிறகு 1980களில் அமெரிக்காவிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இங்கே வந்தது. பாதரசக் கழிவு விவகாரத்தில் 2001-ல் அது மூடப்பட்ட கதை உங்களுக்கெல்லாம் தெரியும். அது தனியாக எழுதவேண்டிய துயரம். மூடும்வரை இந்த ஊரில் செய்த தெர்மாமீட்டர்கள் காய்ச்சலை அரை டிகிரி பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தன.

சூரியனை அளக்கலாம், காய்ச்சலை அளக்கலாம். ஒரு பிள்ளையின் வயிற்றுவலியை அளக்கும் கருவி மட்டும் இன்றுவரை வரவில்லை. ஸ்கேன் எடுத்தால் குடல் தெரியும், வலி தெரியாது. நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் ஓரளவுக்கு ஜாடை காட்டும். பயத்திலும் அவை ஏறும்.

கருவி செய்து பார்த்தவர்களும் உண்டு. அதில் ஒருவர் நம்மைப் போலவே மலைக்காரர். டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். படிக்க இங்கிலாந்து போய், 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி உதிர்கின்றன என்று எல்லோரும் நம்பிய காலம். துருப்பிடித்த பூட்டைத் திறக்கப் பெரியவரான அவரால் முடியவில்லை. ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் பையனின் விரல் எலும்பு தெரிகிற அளவுக்கு வெட்டுப்பட்டிருக்கிறது. அவனுக்கு அது தெரியவே இல்லை. தூங்கும்போது எலி கடித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. அதனால் வீட்டுக்குப் போகும் நோயாளிகளோடு பூனையையும் சேர்த்து அனுப்பினார்களாம்! நோய் நரம்பை மழுங்கடிக்கிறது, வலி தெரியாததால்தான் விரல்கள் பாழாகின்றன என்பதை பிராண்ட் நிலைநாட்டினார்.

பின்னாளில் அமெரிக்காவில் அவர் ஒரு செயற்கை வலியைச் செய்து பார்த்தார். கையுறையில் உணர்கருவிகளை வைத்து, அழுத்தம் கூடினால் ஒலி எழும்படி செய்தார். நோயாளிகள் சட்டை செய்யவில்லை. லேசாக மின்சாரம் தாக்கும்படி மாற்றினார். வேலைக்கு இடைஞ்சல் என்று சுவிட்சை அணைத்துவிட்டார்கள். கடைசியில் அந்த முயற்சியைக் கைவிட்டார். மனிதருக்குள் இருக்கிற வலிக்கு ஈடாக வெளியிலிருந்து ஒன்றைப் பொருத்த முடியவில்லை.

ஆக, வலியைச் சொல்ல அதை அனுபவிக்கிறவர்தான் வாய் திறக்கவேண்டும். பெரியவர்கள் சொன்னால் நம்பினார்கள். பிள்ளைகள் சொன்னால்?

நம்பாத காலம்

இதை எழுதவே மனம் கூசுகிறது. பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று மருத்துவ உலகமே பல காலம் நினைத்திருந்தது. நரம்பு முற்றவில்லை, ஊசியால் குத்தினால் அழுவது வெறும் அனிச்சைச் செயல் என்றார்கள். மயக்கமருந்து கொடுத்தால் சின்ன உயிர் தாங்காது என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. அதனால் 1980கள் வரைக்கும்கூட, பிறந்த குழந்தைகளுக்குப் பல இடங்களில் உடம்பு அசையாதிருக்கும் மருந்தைக் கொடுத்து, வலி தெரியாதிருக்கும் மருந்தை மிகக் கொஞ்சமாகவோ கொடுக்காமலோ அறுவைச் சிகிச்சை செய்தார்கள்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் கதையும் பெரிதாக மாறுபடவில்லை. ஜோ ஈலண்ட் என்ற அமெரிக்க நர்ஸ், அறுவைச் சிகிச்சை முடிந்த 4 முதல் 8 வயதுள்ள 25 பிள்ளைகளின் மருத்துவக் குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தார். 1977-ல் வெளிவந்த ஆய்வு அது. பாதிப் பேருக்கு மேல் ஒரு வேளை வலிமருந்துகூடக் கொடுக்கப்படவில்லை. பெரியவர்களுக்கு வேளாவேளைக்குக் கொடுத்திருந்தார்கள்.

இந்த நினைப்பை உடைத்தவர்களில் முக்கியமானவர் நம் நாட்டுக்காரர். கன்வல்ஜீத் சிங் ஆனந்த், இந்தூரில் எம்.பி.பி.எஸ். படித்து உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனவர். அறுவைச் சிகிச்சைக்குப் போய்த் திரும்பும் குறைமாதக் குழந்தைகள் துவண்டு, நிறம் வெளிறி வருவதைப் பார்த்து, உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்கத் தொடங்கினார். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வழக்கமான முறை, இன்னொரு பகுதிக்கு வலிமருந்தும் சேர்த்து என்று ஒப்பிட்டுப் பார்த்தார். வலிமருந்து கொடுத்த குழந்தைகளின் ரத்தத்தில் அதிர்ச்சி ஹார்மோன்கள் குறைவாக ஏறின. அறுவைக்குப் பின்னான சிக்கல்களும் குறைவு. 1987-ல் லான்செட் இதழில் இது வெளிவந்தது. குழந்தையால் வாய் திறந்து சொல்ல முடியாததை அதன் ரத்தம் சொல்லிவிட்டது.

அதே சமயம் அமெரிக்காவில், 1985-ல் குறைமாதக் குழந்தையை இழந்த ஒரு தாய், தன் பிள்ளைக்கு மயக்கமருந்தில்லாமல் நெஞ்சைத் திறந்தார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டு ஊரறியக் கேள்வி கேட்டார். 1987-ல் அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், பிறந்த குழந்தைகளுக்கும் மயக்கமருந்து வேண்டும் என்று அறிவித்தது. எண்ணிப் பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்துத்தான் உலகம் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது.

கேட்கக் கற்றுக்கொண்ட காலம்

பிள்ளைக்கு வலிக்கும் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி, எம்புட்டு வலிக்குது? "ரொம்ப" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது எவ்வளவு?

1979-ல் நான்சி ஹெஸ்டர் என்ற நர்ஸ் ஒரு எளிய வழி சொன்னார். சீட்டாட்டத்தில் காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள் நான்கைப் பிள்ளையின் முன் வைப்பது. "இதெல்லாம் வலித் துண்டு. ஒண்ணு எடுத்தா கொஞ்சூண்டு வலி. நாலும் எடுத்தா இதுக்கு மேல இல்லைங்கற வலி. இப்ப உங்கிட்ட எத்தனை துண்டு இருக்கு?" என்று கேட்பது. என் புளியங்கொட்டை இதிலிருந்து வந்ததுதான். பல்லாங்குழி ஆடுகிற வீட்டில் சீட்டு வில்லைக்கு எங்கே போக?

1981 வாக்கில் ஓக்லஹோமா மாநிலம் டல்சா நகரில் ஒரு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில், டோனா வாங் என்ற நர்ஸும், பிள்ளைகளைக் கவனிக்கும் பணியிலிருந்த கோனி பேக்கரும் வேறொன்று செய்தார்கள். எண் சொல்லத் திணறிய பிள்ளைகளிடம் ஆறு வெறும் வட்டங்களைக் கொடுத்து, வலியே இல்லாததிலிருந்து பெரிய வலிவரை முகங்களை வரையச் சொன்னார்கள். பிள்ளைகள் வரைந்ததைப் பார்த்து ஓவியர் ஒருவர் ஆறு முகங்களைத் தீட்டினார். இன்று உலகம் முழுக்க ஆஸ்பத்திரிச் சுவர்களில் தொங்கும் முக அட்டை அதுதான். ஜூடித் பேயர் என்பவர் வரைபடத்துக்குப் பதிலாக நிஜப் பிள்ளை ஒன்றின் புகைப்படங்களை வரிசையாக வைத்தார். பிறகு கறுப்பினப் பிள்ளைகளுக்கும் ஸ்பானிய வழிப் பிள்ளைகளுக்கும் தங்கள் சாயலிலேயே படங்கள் வந்தன.

சிரிக்கிற முகத்தில் உள்ள சிக்கலையும் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். வலி இல்லாவிட்டாலும் பயந்துபோன பிள்ளை சிரிக்கிற முகத்தைத் தொடாது. வலித்தாலும் அழாத பிள்ளை கண்ணீர் முகத்தைத் தொடாது. "அழுதால்தான் கடைசி முகம் என்றில்லை" என்று அட்டையைக் காட்டுகிறவர் விளக்கிச் சொல்லவேண்டும். 1990-ல் ஆஸ்திரேலியாவில் டைவா பியரியும் கூட்டாளிகளும் சிரிப்பும் கண்ணீரும் இல்லாத முகங்களைக் கொண்டுவந்தார்கள். 2001-ல் அதை ஆறு முகமாகத் திருத்தினார்கள். முதல் முகம் சும்மா இருக்கும். மற்றவற்றில் முகம் படிப்படியாகச் சுருங்கும்.

இங்கே ஒரு டீச்சராக என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். பயிற்சிக் காலத்தில் பியாஜே பாடம் நடத்தினார்கள். நீளம் வேறுவேறான குச்சிகளைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்வோம். சின்னப் பிள்ளை பெரியதையும் சிறியதையும் சரியாகப் பிரிக்கும், நடுவில் உள்ளதை எங்கே வைப்பது என்று தடுமாறும். வலி அட்டையும் அதே குச்சி விளையாட்டுதான். நாலு வயதுப் பிள்ளை முதல் முகத்தையோ கடைசி முகத்தையோ தொட்டால் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள், நடுப்படிகள் அதன் மனதில் இன்னும் உருவாகவில்லை. முதலில் ஐந்து பென்சிலைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். அடுக்கத் தெரிந்தால் முகம் காட்டலாம். தெரியாவிட்டால் கொட்டை, அல்லது "கொஞ்சமா, நெறையவா" போதும். பூஜ்யம் முதல் பத்துவரை எண்ணாகக் கேட்பது எட்டு வயதுக்கு மேல் சரிவரும்.

நம்மிடம் உள்ள சொற்கள்

எவ்வளவு என்பது ஒரு கேள்வி. எப்படி என்பது இன்னொரு கேள்வி. கனடாவின் ரொனால்ட் மெல்சாக் நோயாளிகள் வலியைச் சொல்லப் பயன்படுத்தும் சொற்களைச் சேர்த்து, 78 சொற்களை 20 கூட்டமாகப் பிரித்து 1975-ல் ஒரு வினாத்தாள் வெளியிட்டார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர்த் திண்ணையில் அரை மணி உட்கார்ந்தால் பாதி தேறுமே!

குத்துது, குடையுது, எரியுது, கடுக்குது, பிசையுது, முறுக்குது, உளையுது, வெட்டி இழுக்குது, சுள்ளுங்குது, சுருக்குங்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, திகுதிகுங்குது, மதமதங்குது. ஒவ்வொன்றும் வேறு வேறு. நகச்சுத்து விண் விண்ணென்று தெறித்தால் சீழ் கட்டியிருக்கிறது என்று நம் பாட்டிகள் டாக்டர் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தார்கள்.

பிள்ளைகள் இன்னும் கெட்டிக்காரர்கள். என் வகுப்பில் ஒருவன் "மண்டைக்குள்ள அம்மி அரைக்குது" என்றான். கால் மரத்துப்போன ஒருத்தி "காலுக்குள்ள எறும்பு பள்ளிக்கூடம் விட்டு ஓடுது" என்றாள். இன்றைக்கு பேரப்பிள்ளைகளுக்கு "பெயின்" என்ற ஒரே சொல்தான் தெரிகிறது. வயிற்றுக்கும் பெயின், பல்லுக்கும் பெயின். சொல்லைக் கொடுக்காமல் பிள்ளையைச் சொல்லச் சொன்னால் அது எப்படிச் சொல்லும்?

வீட்டில் செய்யவேண்டியது

1. "வலிக்குதா?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். எங்க, எப்படி, எம்புட்டு, எப்பலேர்ந்து என்று நாலும் கேளுங்கள். ஒற்றை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

2. கொட்டையோ முகமோ எண்ணோ, ஒன்றையே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேளுங்கள். ஒரு பிள்ளையின் மூன்றும் இன்னொரு பிள்ளையின் மூன்றும் ஒன்றல்ல. அதே பிள்ளைக்குக் காலையில் ஒன்று, மத்தியானம் மூன்று என்றால் அதுதான் சேதி. குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். கூடிக்கொண்டே போனால் காத்திருக்காதீர்கள். நம் மலையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று உங்களுக்கே தெரியும். முதலில் பாடாய்ப் படுத்திய வயிற்றுவலி திடீரென்று அடங்கினாலும் கவனம். குடல்வால் வெடித்தால் அப்படியும் ஆகும்.

3. "அழுதா ஊசி போடச் சொல்லிருவேன்" என்று மிரட்டவே வேண்டாம். ஊசிக்குப் பயந்து வலியை மறைக்கிற பிள்ளைகள் உண்டு. "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்பதும் அதே கணக்குதான்.

4. விளையாடுகிறான், அதனால் வலி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வலியை மறக்கவே விளையாடுகிற பிள்ளைகள் உண்டு. களைத்துத் தூங்குவதும் அப்படித்தான்.

5. பேச்சு வராத குழந்தைக்கும், பேச முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும் ஐந்தைக் கவனிக்கும் முறை ஒன்று 1997-ல் வந்தது. முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, தூக்கினால் சமாதானமாகிறதா என்பது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து இரண்டுவரை மதிப்பெண், மொத்தம் பத்து. காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, தூக்கினாலும் அடங்காமல் அழுகிற குழந்தைக்கு மதிப்பெண் போட நமக்கு அட்டைகூட வேண்டாம்.

6. எல்லாவற்றுக்கும் மேல், நம்புங்கள். வலி ஆய்வுக்கான உலகச் சங்கம் 2020-ல் வலி என்பதற்கான விளக்கத்தைத் திருத்தியபோது இதைத்தான் எழுதி வைத்தது. ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்கவேண்டும், வாய் திறந்து சொல்ல முடியாததால் வலியில்லை என்றாகிவிடாது.

நம்பினால் பிள்ளைகள் ஏமாற்றமாட்டார்களா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். ஏமாற்றுவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் நின்றவள் நான், பள்ளிக்கு மட்டம் போடும் வயிற்றுவலிகள் எத்தனையோ பார்த்தாயிற்று. பரீட்சை பயத்தில் வருகிற வயிற்றுவலியும் நிஜமாகவே வலிக்கும் என்பதையும் பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு பிள்ளையிடம் ஏமாந்தால் எனக்கு ஒரு பரீட்சைத்தாள் நஷ்டம். நம்பாமல் விட்டதற்கு அன்றைக்கு ஓர் உயிரே போயிருக்கும்.

இதை அவளிடம் போனில் சொன்னேன். "விடுங்க டீச்சர், நீங்கதான ஜீப்பு பிடிச்சீங்க" என்றாள். ஆனாலும் முப்பது வருடமாக அந்த அரை நாள் என் மனதில் இருக்கிறது. பையன் இப்போது ஒரு கொட்டைக்கு இறங்கிவிட்டானாம். மிச்சக் கொட்டையை வைத்துத் தங்கச்சியோடு விளையாடுகிறானாம்.

உங்கள் வீட்டில் வலிக்கு என்னென்ன சொற்கள் புழங்குகின்றன என்று கீழே எழுதுங்கள். மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் ஒன்று சொல்வார்கள், தாண்டிக்குடி, பண்ணைக்காட்டில் வேறொன்று சொல்வார்கள். துபாய், சிங்கப்பூரில் இருக்கிறவர்கள் உங்கள் அம்மாச்சியிடம் போன் போட்டுக் கேட்டு எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் சேர்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்